இடது பாதம் கேட்காத வண்டி

அறுபத்திரண்டு கிலோ. இடது பாதத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால் லிஃப்ட்காரரின் எடை அவ்வளவுதான். அவர் வாங்கக் கிளம்பிய மோட்டார் சைக்கிளின் எடை இருநூற்று முப்பத்தெட்டு. “நீங்க வண்டிய ஓட்டப் போறீங்களா மாப்பிள்ளை, இல்ல வண்டி உங்கள ஓட்டப் போகுதா?” என்று மச்சான் கேட்டார்.

மச்சான் என்பவர் மனைவியின் அண்ணன். சரக்கு லாரிகள் வைத்திருப்பவர், தங்கை குடும்பத்தின் மேல் உயிரையே வைத்திருப்பவர். நாலு வருஷம் முன்பு லிஃப்ட்காரர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, வீட்டில் நின்ற அவருடைய பழைய பைக்கை நல்ல எண்ணத்தில் விற்றுவிட்டார். கண்ணில் பட்டால் மனசு கஷ்டப்படுமாம். பைக் இருந்த இடம் காலியாகக் கண்ணில் பட்டதுதான் கஷ்டமாக இருந்தது என்பதை மாப்பிள்ளை இன்றுவரை சொல்லிக் காட்டுகிறார்.

இத்தனைக்கும் பாதம் போனது பைக்கில் போய் அல்ல. ரொட்டி வாங்க நடந்து போனவர் மேல் பின்னாலிருந்து ஒரு வேன் ஏறியது. “நடந்து போறப்பதான் அடிபட்டேன். இனிமே நடக்காதேன்னு உங்கள்ல ஒருத்தராவது சொன்னீங்களா?” என்று வீட்டில் எல்லோரையும் கேட்பார்.

வேலையிலும் இதே பிடிவாதம்தான். உயரமான கட்டடங்களில் லிஃப்ட் பொருத்திப் பராமரிப்பவரை, புகார் வாங்கும் தொலைபேசி முன்னால் உட்கார வைத்தார்கள். கொஞ்ச நாள் உட்கார்ந்தார். ஒருநாள் காலை கருவிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, செயற்கைப் பாதத்தோடு லிஃப்ட் குழிக்குள் ஏணியில் இறங்கி, ஏறியும் வந்தார். அதற்குப் பிறகு அந்த நாற்காலியைப் பற்றி யாரும் பேசவில்லை.

வீட்டில்தான் பேச்சு ஓயவில்லை. “கார் வாங்குங்க. இல்லன்னா பக்கத்துல ரெண்டு சக்கரம் வெச்சுக்கட்டுன ஸ்கூட்டர் வாங்குங்க. எதச் சொன்னாலும் இப்படி ஒத்தக் கால்ல நின்னா...” என்ற மச்சான் பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“அது எனக்குச் சுலபம்தானே மச்சான்” என்றார் லிஃப்ட்காரர்.

சிரிக்காமல் இருந்தவர் மனைவி மட்டும்தான். அவர் நகரப் பேருந்தில் நடத்துநர். விடுமுறை கிடைக்கும் போதெல்லாம் கணவரின் பின்னால் உட்கார்ந்து மலைப்பாதைகளையும் கடற்கரைச் சாலைகளையும் பார்த்தவர். கடைசியில் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். “ஓட்டிப் பார்க்கும்போது நானும் பின்னாடி உட்காருவேன். பயம் வந்தா இறங்கிடுவேன். இறங்கிட்டா அப்புறம் பேச்சே இல்ல.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை மூவரும் பழைய வண்டிகள் விற்கும் யார்டுக்குப் போனார்கள். யார்டுக்காரர் லிஃப்ட்காரரின் காலை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மச்சானிடம் திரும்பி வண்டிகளின் பெருமையை ஆரம்பித்தார்.

“சார், வாங்கப் போறது நான். இந்தப் பக்கம் பேசுங்க.”

ஒரே ரகத்தில் மூன்று வண்டிகள் நின்றன. தொலைதூரப் பயணத்துக்கென்றே செய்த வண்டி: முன்னால் காற்றுத் தடுப்பு, பின்னால் இரண்டு பக்கமும் பெட்டி. லிஃப்ட்காரர் இந்த ரகத்தைத் தேடி வந்ததற்குக் காரணம் வேறு. இதில் கிளட்ச் கிடையாது, காலால் மாற்றும் கியரும் கிடையாது. கியரை வண்டியே மாற்றிக்கொள்ளும். பின் பிரேக் வலது காலுக்கு. இடது கால் சும்மா இருக்கலாம்.

சும்மா இருக்க முடியாத ஒரே சமயம், வண்டி இடது பக்கம் சாயும்போதுதான். அங்கேதான் வருஷக் கணக்கு வந்தது. இந்த ரகம் வெளியான முதல் வருஷம் வந்த வண்டிகள் மெதுவாகத் திரும்பும்போது தானாகக் கியரை இறக்கி ஒரு வெட்டு வெட்டும் என்று, வாங்கியவர்கள் எழுதிய புகார்களில் அவர் படித்திருந்தார். மற்றவர்கள் சட்டென்று காலை ஊன்றிவிட்டுக் கம்பெனியைத் திட்டுவார்கள். அவருடைய இடது பாதத்துக்குத் தரையைத் தொட்டோமா இல்லையா என்றே தெரியாது. மூன்றாம் வருஷத்தில் அந்தக் குறையைச் சரிசெய்துவிட்டார்கள் என்று கேள்வி. ஐந்தாம் வருஷத்து வண்டியில் பெரிய திரை, சூடாகும் கைப்பிடி, கூடவே இரண்டு விரல் உயர்த்தப்பட்ட இருக்கை.

மச்சான் நேரே ஐந்தாம் வருஷத்திடம் போனார். “இதான் புதுசு. இதையே எடுங்க.” லிஃப்ட்காரர் ஏறி உட்கார்ந்தார். வலது காலின் விரல் நுனிதான் தரையைத் தொட்டது. “இதுல நின்னா நான் நாட்டியம்தான் ஆடணும்” என்று இறங்கினார்.

யார்டுக்காரர் முதல் வருஷத்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். வெள்ளை நிறம், ஒரு கீறல் இல்லை. “வாங்கினவர் ஓட்டவே இல்ல சார். பொத்திப் பொத்தி வெச்சிருந்தாரு.”

“ஏன் ஓட்டலைன்னு கேட்டீங்களா?”

லிஃப்ட்காரர் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் கேட்டார். குடிப்பதற்கு இல்லை. லிஃப்டைச் சரிபார்க்கும்போது அதன் தரையில் ஒரு நாணயத்தைச் செங்குத்தாக நிறுத்துவது அவர் வழக்கம். மேல்மாடி போய்ச் சேரும்வரை நாணயம் விழக்கூடாது. பைக்கில் நாணயம் நிற்காது. அதனால் விளிம்புவரை தண்ணீர் நிரம்பிய டம்ளரை மனைவி கையில் கொடுத்துப் பின்னால் ஏறச் சொன்னார்.

யார்டுக்குப் பின்னால் சரளைக்கல் பரப்பிய காலி இடம். நேராகப் போகும்வரை வெண்ணெய் மாதிரி போனது. இடது பக்கம் வட்டமடிக்கத் திரும்பியதும் வண்டி வெட்டியது. டம்ளர்த் தண்ணீர் முழுவதும் அவர் பிடரியில் இறங்க, வண்டி சாய, செயற்கைப் பாதம் சரளையில் ஒரு சாண் வழுக்கியது.

மச்சான் ஓடி வந்தார்.

“கை வைக்காதீங்க!” என்றார் லிஃப்ட்காரர்.

இடது காலை அழுத்தி ஊன்றினார். முழங்கால் மடங்கவில்லை. வண்டி மெல்ல நிமிர்ந்தது.

மனைவி இறங்கிவிட்டார்.

மச்சான்தான் முதலில் பேசினார். “சரி, விடுங்க மாப்பிள்ளை. ஆசைப்பட்டீங்க, பார்த்தாச்சு. வாங்க, வீட்டுக்குப் போவோம்.” லிஃப்ட்காரர் ஈரச் சட்டையோடு வண்டி மேலேயே உட்கார்ந்திருந்தார். இறங்க அவருக்கு மனம் வரவில்லை.

மனைவி குழாயடிக்குப் போய் டம்ளரை நிரப்பினார். “அந்த மூலையில செங்கல் கலர்ல ஒண்ணு நிக்குதே, அது எந்த வருஷம்?”

“அது மூணாவது வருஷம்மா. ஆனா ஓடி ஓடித் தேய்ஞ்ச வண்டி. பெட்டியெல்லாம் கீறல்” என்றார் யார்டுக்காரர்.

“ஏம்மா, இறங்கிட்டா பேச்சே இல்லன்னு நீதானே சொன்ன?” மச்சானுக்குப் பொறுக்கவில்லை.

“இந்த வெள்ளை வண்டியப் பத்திதான்ணா இனிமே பேச்சு இல்ல. வெட்டுனது வண்டி. அவரு விழலையே, தாங்கிப் பிடிச்சாரே! இருபது வருஷமா ஓடுற பஸ்ல நின்னு டிக்கெட் கிழிக்கிறேன். டிரைவர் தப்பு எது, வண்டி தப்பு எதுன்னு எனக்குத் தெரியாதா?”

செங்கல் நிற வண்டி கிளம்பும்போது லேசாக இருமியது. முதல் வட்டம் வலது பக்கம். அடுத்தது இடது பக்கம். அதற்கடுத்தது, யார்டுக்காரர் முகம் சுளிக்கும்படி, சுவரை ஒட்டி, நடக்கிற வேகத்தில், இன்னும் குறுகலாக இடது பக்கம்.

“கொட்டுச்சா?” என்று கேட்டார் லிஃப்ட்காரர்.

“முன்னாடி பார்த்து ஓட்டுங்க.”

“கொட்டுச்சான்னு கேட்டேன்.”

“என் கை நடுங்கிக் கொஞ்சம் கொட்டுச்சு. வண்டியால கொட்டல.”

வண்டியை நிறுத்தி வலது காலை ஊன்றினார். பாதம் முழுவதும் தரையில் படிந்தது. மனைவி மீதித் தண்ணீரைக் குடித்துவிட்டு வெறும் டம்ளரை யார்டுக்காரரிடம் நீட்டினார். “பெட்டிக் கீறல் இருக்கட்டும். பிரேக் கட்டைய மட்டும் புதுசா மாத்திக் குடுங்க.”

மச்சான் அந்த வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார், டயரை உதைத்துப் பார்த்தார், குனிந்து செயினைத் தொட்டார். “கலரு கண்றாவியா இருக்கு” என்று மட்டும் சொன்னார்.

விபத்துக்குப் பிறகு லிஃப்ட்காரரின் பழைய உரிமம் செல்லாது. தானாகக் கியர் மாற்றும் வண்டிக்கு மட்டும் என்ற குறிப்போடு புதிய உரிமம் பெற, வரும் புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவருக்கு ஓட்டுநர் தேர்வு. அதுவரை சாலையில் ஓட்டக் கூடாது என்பதால், வண்டி மச்சானின் லாரியில் தேர்வு மைதானத்துக்கு வருகிறது.