இரண்டு கிணறும் என் பல் ஆராய்ச்சியும்

பல் வைத்தியம் பார்ப்பவர்களுக்கு ஒரு நிம்மதி உண்டு. வலியோடு வந்தவர் வலி இல்லாமல் போவார். பல் ஆராய்ச்சி செய்பவர்களுக்கு அந்த நிம்மதியும் கிடையாது. வாயைத் திறக்கச் சொல்லி, பார்த்து, எழுதிக்கொண்டு, "சரி, போங்க" என்று அனுப்பிவிட வேண்டியதுதான். பொதுச் சுகாதாரப் பல் மருத்துவத்தில் மேல்படிப்புக்குச் சேர்ந்து, ஆராய்ச்சிக் கட்டுரை என்ற பெயரில் ஊர் ஊராக வெயிலில் காய்ந்த என் சக பாவப்பட்ட ஜீவன்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஐம்பதுகளின் கடைசியில் நான் காய்ந்தது அன்னூருக்கு அப்பால் ஒரு கிராமத்தில். அங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு முன்பல்லெல்லாம் பழுப்புக் கறை. அது ஏன் என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலை. ஊரின் பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை.

கண்ணாடி டாக்டர்

என்னிடம் இருந்த ஆயுதங்கள் ஒரு சிறு கண்ணாடியும் ஒரு வளைந்த ஊசியும். குறடு கொண்டுபோகக் கூடாது என்று சென்னையில் இருந்த என் பேராசிரியர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஒரு பல்லைப் பிடுங்கினால் மறுநாள் ஊரே வரிசையில் நிற்கும், அப்புறம் ஆராய்ச்சி நடந்த மாதிரிதான் என்பது அவர் கணக்கு.

முதல் நாளே கன்னம் வீங்கிய ஒரு பெரியவர் பள்ளிக்கூட வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டார். கடைவாய்ப்பல் சொத்தை. நான் பார்த்தேன், வருத்தப்பட்டேன், கோயமுத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். அவர் சீட்டை மடித்து மடியில் செருகிக்கொண்டு எழுந்தார். "பாத்து எழுதிட்டுப் போறதுக்கு எங்க கணக்குப்புள்ளையே போதுமுங்களே டாக்டரம்மா, அவரு தெனமும் அதத்தானுங்க பண்றாரு."

பிறந்த வீடும் புகுந்த வீடும்

அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்களின் பல்லைத்தான் கணக்கில் சேர்க்கலாம் என்பது விதி. ஆரம்பத்தில் வீட்டுக்கு வீடு விசாரித்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நாளில் விசாரிக்கவே தேவையில்லாமல் போயிற்று. ஒரு வீட்டில் இளம்பெண் வெள்ளைப் பல்லோடு சிரித்தால் அவள் வெளியூரிலிருந்து வந்த மருமகள். வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும் சிறுமி அந்த வீட்டு மகள்.

நான் தங்கியிருந்தது ஊரின் பெரிய பண்ணைக்காரர் வீட்டில். ஊரே அவரைப் பண்ணாடி என்றுதான் அழைத்தது. அவர் மருமகள் ருக்மணி காரமடைப் பக்கத்துப் பெண். மடியில் கைக்குழந்தையாக அவளுடைய தலைச்சன் பையன். பண்ணாடியின் கடைசி மகள் சரஸ்வதிக்குப் பத்து வயது இருக்கும். செங்கல்லைப் பொடித்து, சாம்பலும் உப்பும் கலந்து, ஈறு கிழிந்து ரத்தம் வரும்வரை தேய்ப்பாள். பலநாள் தேய்த்துப் பல்லின் பளபளப்பே போய்விட்டது. கறை மட்டும் போகவில்லை. ஒருநாள் என் கண்ணாடியை வாங்கித் தன் வாயைப் பார்த்தாள். பிறகு அண்ணியைப் பார்த்தாள். "அண்ணியும் எம்பட பொடியத்தானுங்க போட்டுத் தேய்க்கறாங்க. அவங்களுக்கு மட்டும் ஏனுங்க வெள்ளையா இருக்குது?"

பண்ணாடியின் பெருமை

பண்ணாடி நல்ல மனிதர். அதைச் சொல்லாவிட்டால் இந்தக் கதை சுலபமாகிவிடும். மழை பொய்த்துக் கிணறுகளெல்லாம் வற்றிய காலத்தில், தன் கிணற்றின் அடிப்பாறையை வெடிவைத்துத் தகர்த்து, அதற்கும் கீழே துளை போட்டுத் தண்ணீர் எடுத்தவர். தோட்டத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளாமல் ஊருக்குத் திறந்துவிட்டார். அவருடைய மூத்த மகன் அதற்கு முன்னால் பிறந்தவன், பல் வெள்ளை. சரஸ்வதி அதற்குப் பிறகு பிறந்தவள். இதை நான் பார்த்துவிட்டேன். அவர் பார்க்கவில்லை.

கிணற்று மேட்டுக்கு என்னை அழைத்துப்போய்ச் சொம்பில் மொண்டு கொடுத்தார். கண்ணாடி போன்ற தண்ணீர், குளிர்ச்சி. அதில் ஒரு சீசா பிடித்துச் சோதனைக்கு ஏற்கெனவே சென்னைக்கு அனுப்பியிருந்தேன். என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. பாறை அடியாழத்துத் தண்ணீரில் ஃபுளோரைடு என்ற உப்பு கூடுதலாக இருக்கும். முளைக்கப்போகும் பல்லை அது ஈறுக்குள்ளேயே கெடுக்கும். முளைத்த பிறகு எந்தப் பொடியாலும் சரிசெய்ய முடியாது. நான் சொம்பைக் காலிசெய்தேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "இந்தத் தண்ணி வந்த பொறவுதானுங்க அம்மணி, இந்த ஊருல கொழந்தைக பொளச்சுதுங்க."

அருமையான கூட்டம்

சீசாவின் பதில் நான் நினைத்தபடியே வந்தது. ஆனால் பேராசிரியருக்கு அது போதவில்லை. ஒப்பிட்டுக் காட்ட இன்னொரு கூட்டம் வேண்டும் என்றார். அதே மண், அதே சோளக்களி, அதே வெயில், தண்ணீர் மட்டும் வேறு. அப்படி ஓர் ஊரைத் தேடிப் பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கினேன். தேடியது காலடியிலேயே இருந்தது. சோளக்காட்டுக்கு அந்தப் பக்கம், ஊர்க்காரர்கள் கீழ்வளவு என்று சொல்கிற தாழ்த்தப்பட்டவர்களின் குடியிருப்பு. அங்கே ஒரு பிள்ளைக்கும் பல்லில் கறை இல்லை. சந்தோஷத்தில் அங்கேயே நின்று எழுத ஆரம்பித்துவிட்டேன்.

பண்ணாடியின் மாட்டுக்கொட்டிலில் வேலைபார்க்கும் மருதாயி அங்கேதான் இருந்தாள். அவர்களுக்குப் பள்ளத்தோரத்தில் ஆழமில்லாமல் மேலாக்கான ஒரு கிணறு, தண்ணீர் கொஞ்சம் கலங்கல். ஏன் தனிக் கிணறு என்று கேட்டேன். அவள் சாணிக் கையைத் துடைத்துக்கொண்டே பதில் சொன்னாள். "அந்த மேட்டுல எங்கள ஏத்த மாட்டாங்களுங்க. ஒரு கொடம் ஊத்துங்க சாமீன்னு உச்சி வெயில்ல நின்னு நின்னு பாத்தமுங்க. பொறவு நாங்களே தோண்டிப்போட்டமுங்க."

இதை அப்படியே சென்னைக்குப் போய்ப் பேராசிரியரிடம் சொன்னேன். அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "இவ்வளவு சுத்தமாப் பிரிஞ்ச ரெண்டு கூட்டம் வெளிநாட்டுக்காரனுக்குக்கூடக் கிடைக்காதும்மா, விட்டுடாதே."

சொன்ன நாள்

முடிவைப் பண்ணாடியிடம் சொல்லாமல் ஊரைவிட்டுக் கிளம்ப மனம் வரவில்லை. வீட்டார் எல்லோரையும் வைத்துக்கொண்டு சொன்னேன். பண்ணாடி சரஸ்வதியைக் கூப்பிட்டு, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்ததை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. பெற்ற மகளின் வாயை அன்றுதான் அவர் உள்ளே பார்த்தார்.

ருக்மணிதான் கேட்டாள், தன் பையனுக்கு என்ன வழி என்று. "எட்டு வயது வரைக்கும் வேறு தண்ணீர் கொடுத்தால் பல் தப்பிவிடும். அது தூரத்தில் இல்லை, கீழ்வளவுக் கிணற்றிலேயே இருக்கிறது" என்றேன். அந்தக் கிணற்றை ஊரும் வளவும் சேர்ந்து பிள்ளைகளுக்கு மட்டும் பயன்படுத்தலாம் என்று எழுதியும் கொடுத்தேன். பண்ணாடியின் மனைவி எழுந்து, நான் குடித்துவிட்டு வைத்திருந்த டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே திரும்பினார். கோபமே இல்லாத குரல் அவருடையது. "அந்தத் தண்ணியக் குடிச்சு வர்ற வெள்ளப் பல்லு எங்க ஊட்டுக்கு வேண்டாமுங்க."

ஒரு குடம்

சில மாதம் கழித்து விட்டுப்போன சில விவரங்களுக்காக மறுபடி போனேன். ருக்மணி தோட்டத்தில் தனியாக என்னைப் பிடித்துக்கொண்டாள். பையனுக்குச் சோறு ஊட்ட ஆரம்பித்ததிலிருந்து, மத்தியானம் எல்லோரும் அசந்திருக்கும் நேரத்தில் மருதாயியைக் கீழ்வளவுத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, கொட்டிலுக்குப் பின்னால் வாங்கிக் காய்ச்சி வைத்திருக்கிறாள். ஒருநாள் மாமியார் பார்த்துவிட்டார். குடத்தைப் போட்டு உடைத்து, அடுப்படியைச் சாணி போட்டு மெழுகி, மருதாயியை அன்றைக்கே நிறுத்திவிட்டார்கள். வீட்டுக்குள் அந்தத் தண்ணீரை நுழைத்தது அவள்தானாம், அவளாகவே கொண்டுவந்தாளாம்.

நீ சொல்லவில்லையா என்று கேட்டேன். அவள் பையனைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள். "அந்தக்கா எம்பட மொகத்தப் பாத்துச்சுங்க. நா கீழ குனிஞ்சுக்கிட்டனுங்க."

மாலை மரியாதை

எனக்குப் பட்டம் கிடைத்தது, வேலையும் கிடைத்தது. அறுபதுகளின் கடைசியில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பல் பரிசோதனை முகாம் என்று அதே ஊருக்கு அனுப்பினார்கள். இந்த முறை குறடும் கொண்டுபோனேன்.

பண்ணாடி தளர்ந்திருந்தார். பேரனைக் கொண்டுவந்து நிறுத்திச் சிரிக்கச் சொன்னார். அப்படியொரு வெள்ளைப் பல். அவனுக்கு மட்டுமல்ல, ஊர்த்தெருப் பிள்ளைகளில் சிறியவர்களுக்கெல்லாம் அப்படித்தான். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எப்படி என்று கேட்டேன், அவரும் ஒளிக்காமல் சொன்னார். நான் எழுதிக் கொடுத்ததை எடுத்துவைத்துப் பலபேரிடம் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். நான் வந்துபோன சில மாதங்களிலேயே, பேரனை நினைத்து ஒருவழியாக மனதைத் தேற்றிக்கொண்டு, பள்ளத்தோரக் கிணற்றை அடியோடு இறைத்து, தூர்வாரி, பூசாரியை வைத்து மஞ்சள் தண்ணீர் தெளித்து, சுற்றிலும் கம்பிவேலி போட்டு, மோட்டார் வைத்து ஊருக்குக் குழாய் இழுத்துவிட்டார்கள். அவர் மனைவியும் இப்போது அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறார். வளவுக்காரர்களுக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். அதற்கும் அவரிடம் பெருமையான பதில் இருந்தது. "அவங்களுக்கு நம்ம பெரிய கெணத்தையே தொறந்துவிட்டாச்சுங்க. விழா வெச்சு, மால போட்டு, மேட்டுல ஏத்தினமுங்க."

முகாமை அப்படியே போட்டுவிட்டுச் சோளக்காட்டைத் தாண்டி நடந்தேன். மருதாயி வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தாள். என்னை அடையாளம் தெரிந்தது. உள்ளே பார்த்துப் பேத்தியைக் கூப்பிட்டாள். ஏழெட்டு வயதுக் குழந்தை, வாயைப் பொத்திக்கொண்டே வந்தது. மருதாயி அந்தக் கையை மெல்ல விலக்கி, உதட்டைத் தூக்கிக் காட்டினாள். பழுப்புக் கறை, பல்லுக்குப் பல். நான் கண்ணாடியை வெளியே எடுக்கவில்லை. எதற்கு எடுப்பது? என் கண்ணில் தண்ணீர் நின்றது, அதைப் பார்த்து அவள்தான் சங்கடப்பட்டாள். "தள்ளி நில்லுன்னாங்க, நின்னமுங்க. கிட்ட வான்னு மால போட்டுக் கூப்புட்டாங்க, போனமுங்க. அப்பத்தானுங்க இந்தப் புள்ளையும் பொறந்துச்சு."

நல்ல தண்ணீர் எங்கே இருக்கிறது என்பதைக் கண்டுபிடித்துச் சொல்லிப் பட்டம் வாங்கியவள் நான். சொல்லிவிட்டால் அது யாரிடம் போய்ச் சேரும் என்பதைக் கண்டுபிடிக்க எந்தக் கல்லூரியும் என்னை அனுப்பவில்லை.