கள்ளிப்பால்

ஆய்வகத்தில் திருகுகள்ளிப் பாலிலிருந்து நானும் என் மாணவியும் எடுத்த சாறு, தட்டில் வளர்ந்த பாக்டீரியாக்களைக் கொன்றது. தொட்டியில் விட்டதும் மீன்களும் மல்லாந்து மிதந்தன.

சிறுவயதில், திருவரங்குளம் பக்கத்தில் எங்கள் கண்மாயிலும் அப்படித்தான் மிதந்தன. ஊர்கூடி மீன்பிடிக்கும் நாளுக்கு முன்பே மீனைத் திருட யாரோ கள்ளிப்பாலைக் கலந்துவிட்டார்கள். பழி அப்பாவின் மேல் விழுந்தது. பெரியப்பா அவரைக் கரையில் மிதித்துச் சாய்த்து, கள்ளியை ஒடித்து இரண்டு கண்களிலும் பிழிந்தார்.

"இனிமே எந்தக் கண்ணால மீனப் பாக்குறன்னு பாக்குறேன்."

அப்பா அலறிப் புரண்டார். அம்மா கைக்குழந்தைத் தம்பியை என்னிடம் தள்ளிவிட்டு, அத்தனை ஆண்கள் முன்னாலும் மாராப்பை விலக்கி, அவர் கண்களில் தாய்ப்பாலைப் பீச்சினாள். ஒரு கண்தான் மிஞ்சியது.

தொட்டியில் மிதந்த மீன்களைப் பார்த்து நின்ற எனக்குக் கண் கலங்கியது. துடைக்கக் கையைக் கொண்டுபோனேன். மாணவி என் மணிக்கட்டில் ஓங்கி அடித்தாள்.

"கிளவுஸ் பூரா கள்ளிப்பால் மேடம்."