அழிஞ்சில் மரத்தில் என் கத்தி

அறுபதுகளில் ரேஞ்சர் வேலைக்காக வனவியல் படித்துக்கொண்டிருந்தேன். விடுமுறைக்குக் காஞ்சிபுரம் வந்தபோது, பெருமையடித்துக்கொள்ள நண்பர்களைக் கூரம் ஏரிக்கரைக்கு அழைத்துப் போனேன். அங்கே இலையுதிர்ந்து நின்ற ஒரு மரம் எனக்குப் பிடிபடவில்லை. பட்டையைச் செதுக்கி உள்நிறம் பார்க்கக் கல்லூரியில் சொல்லித் தந்திருந்தார்கள். உள்ளங்கை அகலத்துக்குச் செதுக்கினேன். அப்போதும் தெரியவில்லை. பிள்ளை வரம் வேண்டிக் கட்டிய துணித்தொட்டில்கள் கிளையில் தொங்கியதைப் பிறகுதான் கவனித்தேன்.

மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் ஓடிவந்தாள். அந்தத் தொட்டில்களில் ஒன்று அவள் கட்டியது.

"பேரு கண்டுபிடிக்கத்தாம்மா..." என்று இழுத்தேன்.

"அழிஞ்சில்பா இது! என்னாண்ட கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே. அதுக்கா இப்படி அறுத்துக்கினு நிக்கிற?" என்றவள், சாணத்தை அள்ளி வெட்டின்மேல் அப்பினாள். நண்பர்கள் முன் கூனிக்குறுகி நின்றேன்.

பிறகு ரேஞ்சர் ஆனேன். மரம் தெரியாவிட்டால் முதலில் மாடு மேய்ப்பவர்களைத்தான் கேட்பேன். கூரத்துக்கு மட்டும் எந்த முகத்தோடு போவது?