ஆந்தை யாரைப் பார்க்கிறது?

அரையாண்டு லீவில் மகளைக் கும்பகோணத்துக்கு சினிமா பார்க்க அழைத்துப் போனேன். பெயர் கயல், இரண்டாம் வகுப்பு. படத்தின் ஹீரோ யார் தெரியுமா? ஒரு ஆந்தை! முதுகில் நீலத் துணி, நெஞ்சில் மின்னல் முத்திரை... சூப்பர் ஹீரோவுக்கு உண்டான எல்லாம் உண்டு. இந்த மாதிரிப் படங்களில் அப்பாக்களின் வேலை என்னவென்று உங்களுக்கே தெரியும் — பாப்கார்னைக் கையில் பிடித்துக்கொண்டு ஏ.சி.யில் தூங்குவது. நானும் தூங்கினேன்.

தூங்கினால் மட்டும் கதையிலிருந்து தப்பிக்க முடியுமா? பாபநாசம் வந்து சேர்வதற்குள், பைக்கில் பின்னால் உட்கார்ந்தபடியே முழுப் படத்தையும் சொல்லி முடித்துவிட்டாள். யாருக்கு ஆபத்து வரப்போகிறது என்று அந்த ஆந்தைக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுமாம். அந்த வீட்டுக்கு எதிரில் போய் உட்கார்ந்து, அந்த ஆளையே பார்த்துக்கொண்டிருக்குமாம். ஆபத்து வந்ததும் பறந்து போய்க் காப்பாற்றுமாம். நல்ல ஆந்தைதான் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

எங்கள் வீடு ஊர்க்கடைசியில். கொல்லைக் கதவைத் திறந்தால் வயல். சம்பா கதிர் பிடித்திருக்கிற நேரம்; எலித் தொல்லை தாங்கவில்லை. அதற்காக அப்பாதான் வரப்போரம் ஒரு மூங்கில் கழியை நட்டு, அதன் உச்சியில் குறுக்குக் கட்டை கட்டி வைத்தார். ஆந்தை வந்து உட்கார்ந்து எலியைப் பிடிக்குமே, அதற்கு! விவசாய ஆபீசில் சொல்லிக்கொடுப்பதுதான். நட்ட கையோடு அவருக்கு நெஞ்சுவலி வந்தது. தஞ்சாவூரில் ஸ்டென்ட் வைத்து அப்போதுதான் வீட்டுக்கு அழைத்து வந்திருந்தோம். கொல்லைப் பக்க ரூமில், ஜன்னலோரம் கட்டில் போட்டிருந்தோம்.

படம் பார்த்துவிட்டு வந்த மறுநாள்... பொழுது சாய்கிற நேரம். மார்கழிப் பனி இறங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கழியின் மேல் ஒரு கூகை ஆந்தை வந்து உட்கார்ந்தது. வெள்ளை முகம், கறுப்புக் கண். வயல் முழுக்க எலி. அது வயலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்பாவின் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும்.

என் மனைவி சுதா கணக்கு டீச்சர். சகுனம், ராகுகாலம் எதையும் நம்பாதவள். அவளே அன்றைக்கு, அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்திடுங்களேன் என்றாள். அப்பா கஞ்சியைத் தொடவில்லை. மாத்திரையை வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். ஏன் என்று கேட்டேன்.

"இனிமே எதுக்குத் தம்பி? ஆளு வந்து உக்காந்திருக்கு பாரு."

அது எலிக்காக வந்திருக்கிறது என்றேன், அவர் கேட்கவில்லை. வயலைப் பார்த்து உட்கார்ந்தால் உழவனின் நண்பன். வீட்டைப் பார்த்து உட்கார்ந்தால் எமனின் ஆளா? இடம் போட்டுக் கூப்பிட்டதே நாம்தானே! இந்த நியாயமெல்லாம் பத்திரிகைப் பத்தியில் எழுதச் சுலபம். பெற்ற தகப்பன் சாப்பிடாமல் கிடக்கும்போது புத்தி எங்கே வேலை செய்கிறது? மறுநாள் மத்தியானமே போய் அந்தக் கழியைப் பிடுங்கி வாய்க்காலில் வீசிவிட்டு வந்தேன்.

கயலுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. தொற்று வந்துவிடும் என்று தாத்தா ரூமுக்குள் அவளை விடாமல் வைத்திருந்தோம். அன்றைக்கு யாரையும் கேட்கவில்லை. நேராகப் போய்க் கட்டிலில் ஏறி உட்கார்ந்தாள். பைக்கில் எனக்குச் சொன்ன கதையை அவருக்கும் சொன்னாள். ஒரு வரி விடவில்லை.

"உங்களைக் கூட்டிட்டுப் போக வரல தாத்தா. காப்பாத்த வந்துச்சு. அப்பாதான் தொரத்திட்டாரு."

அப்பா ஜன்னலைத் திறக்கச் சொன்னார்.

கழிதான் இல்லையே, இனி எங்கே வரப்போகிறது என்று நினைத்தேன். வந்தது. முன்னைவிடக் கிட்டே — கொல்லைச் சுவர்மேல். இறக்கைச் சத்தம்கூடக் கேட்கவில்லை. ஒரு நிமிஷம் முன்னால் வெறும் சுவராக இருந்த இடத்தில் அது உட்கார்ந்திருந்தது. பயந்தேன், அதைச் சொல்வதில் வெட்கமென்ன? அப்பாவோ எழுந்து சாய்ந்து உட்கார்ந்து, கஞ்சி இருக்கிறதா என்று சுதாவைக் கேட்டார்.

அன்றிலிருந்து அது வந்த பிறகுதான் அவருக்கு ராத்திரிச் சாப்பாடு. கஞ்சி போய் இட்லி வந்தது. இட்லி போய், மீன் குழம்பு வைக்கமாட்டீர்களா என்று சண்டை வந்தது. செக்கப்புக்குப் போனபோது டாக்டருக்கு ஏக சந்தோஷம். வரப்பில் மெதுவாக நடக்கலாம் என்று சொல்லிவிட்டார்.

யோசித்துப் பார்த்தேன். அப்பா முதலில் அதைச் சாவு என்றார். கயல் காவல் என்றாள். ஒன்றைக் கவனித்தீர்களா? இரண்டு பேரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகிறார்கள் — ஆபத்து யாருக்கு என்று அதற்குத் தெரியும் என்பதில். எலிக்காக வந்திருக்கிறது என்று சொன்னவன் வீட்டிலேயே நான் ஒருவன்தான். அது ஒரு எலியைப் பிடித்து நான் இதுவரை பார்த்ததில்லை.

நேற்று சாயங்காலம் அப்பா வயலைச் சுற்றிப் பார்க்கப் போயிருந்தார். நான் ஹாலில் இந்தப் பத்தியை எழுதிக்கொண்டிருந்தேன். கயல் பக்கத்தில் வந்து நின்றாள்.

"தாத்தாவுக்குத்தான் சரியாயிடுச்சே... அப்புறம் ஏம்ப்பா அது இன்னும் போகல?"

அது அப்பா ரூம் பக்கம் பழகிவிட்டது, இனிமேல் போகாது என்றேன், தலையை நிமிர்த்தாமலே.

"அங்க இல்லப்பா. இப்ப வாசப்பக்கம் வந்துடுச்சு. உங்களைத்தான் பாக்குது."

நாளைக் காலை முதல் வேலையாகத் தஞ்சாவூர் போய் ஒரு ஈ.சி.ஜி. எடுத்துவிடலாம் என்றிருக்கிறேன்.