எலியின் கடைவாய்ப் பல்

ஊரில் அவரை எலி என்றுதான் சொல்வார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே யோசித்தால்தான் ஞாபகம் வரும். கரண்ட் ஒயர் வேலை செய்கிறவர். ஒயரின் மேல்தோலை உரிக்க மற்றவர்கள் கத்தியைத் தேடுவார்கள். இவர் கடைவாயில் வைத்து ஒரு கடி, ஒரு இழுப்பு, அவ்வளவுதான்; செம்பு பளபளவென்று வெளியே வந்துவிடும். ஏணி உச்சியில் நிற்கிறவனுக்கு மூன்றாவது கை வேண்டும், எனக்கு அது வாய்க்குள் இருக்கிறது என்பார்.

அப்பாவும் அப்படித்தான் ஒயர் கடித்தார். பெரியப்பா தலை நரைத்த பிறகும் சோடா மூடியைப் பல்லால் திறந்து பந்தயம் ஜெயித்தவர். அத்தை ஒருத்தி கண் மூடுகிற வரைக்கும் கரும்பை யாரிடமும் வெட்டித்தரக் கேட்டதில்லை. அந்த வம்சத்தில் பல் டாக்டர் வாசலை மிதித்தவர் ஒருவர்கூடக் கிடையாது. அதைச் சொல்லும்போது எலிக்கு மார்பு ஒரு அங்குலம் விரியும்.

சந்தைக் கூடத்துக் கூரை விளக்குகள் அவர் பொறுப்பு. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவர்தான் ஏறுவார், அவர்தான் மாற்றுவார். அப்படிப்பட்ட மனுஷனுக்கு வலது முட்டி தேய்ந்துபோனது. ஏணியில் இரண்டாவது படிக்கே கால் நடுங்கியது. கூடத்தில் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. காய்கறிக்காரிகள் சாயங்காலமானால் தக்காளியைத் தடவிப் பார்த்து விற்றார்கள். முட்டி டாக்டர் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார்: “ஆபரேஷன் பண்ணா ஏறலாம். ஆனா முதல்ல சர்க்கரை இறங்கணும்.”

சர்க்கரை இறங்கவில்லை. மாத்திரையைக் கூட்டினார்கள், சர்க்கரையும் கூடவே ஏறியது. எலி நாக்கைக் கட்டிப்போட்டுத்தான் வைத்திருந்தார். டீயில் சீனி இல்லை, விசேஷ வீட்டுப் பந்தியில் இனிப்பு வந்தால் இலையை மறைத்துக்கொள்வார். ஆனால் யார் நம்புவார்கள்? மனைவி பள்ளிக்கூட விடுதியில் சமையல்காரி. ஊர்ப் பிள்ளைகளெல்லாம் திருடித் தின்பதைக் கண்ணால் பார்த்தவள்.

“என் சமையல்ல ஏறல. அப்ப வெளியிலதான் ஏறுது” என்றாள்.

“ஒரு துண்டு தொட்டிருந்தா என் கை அழுகிப் போகட்டும்.”

“கை எதுக்கு? வாய்தான தின்னுது” என்றான் அவளுடைய தம்பி. பஸ் ஓட்டுகிறவன், மாமனைச் சீண்டாவிட்டால் அவனுக்குச் சாப்பாடு செரிக்காது. “அக்கா, மாமாவோட பையைத் தட்டிப் பாக்கலாமா?”

கேட்டவன் பதிலுக்கு நிற்கவில்லை. பையைத் தரையில் கவிழ்த்தான். டெஸ்டர், டேப், திருப்புளி, உடைந்த சுவிட்ச் எல்லாம் உருண்டன. மிட்டாயும் இல்லை, மிட்டாய்க் காகிதமும் இல்லை. கடைசியில் ஒரு சின்னப் பாட்டில் உருண்டு வந்து மனைவியின் காலில் முட்டியது. அவள் எடுத்து மோந்து பார்த்தாள். கிராம்புத் தைலம்.

“இது எதுக்கு?”

“அது… பழசு. போன மழைக்காலத்துல வாங்கினது.”

மழைக்காலத்தில்தான் அந்தப் பழைய தடித்த ஒயர் வாயில் மாட்டியது. கடித்தபோது ஒயர் உரியவில்லை, பல்தான் விரிசல் விட்டது. அன்றிலிருந்து தாடைக்குள் யாரோ உளி வைத்துத் தட்டுகிற மாதிரி வலி. எலி மூச்சுக்கூட விடவில்லை. தைலம் தடவினார், வலப்பக்கமாகவே மென்றார். ஒருநாள் வலி தானாக நின்றுவிட்டது. பார்த்தாயா, எங்கள் வம்சத்துப் பல் என்று தனக்குள் சிரித்துக்கொண்டார். ஈறில் ஒரு சின்னக் கொப்புளம் மட்டும் வருவதும் உடைவதுமாக இருந்தது. வாய்க்குள் இருப்பதை யார் பார்க்கப் போகிறார்கள்?

மனைவி பார்த்திருந்தாள். ஆறு மாதமாக இவர் சோற்றை ஒரு பக்கமாக ஒதுக்கி மெல்வதை.

“வாயத் திறங்க” என்றாள்.

“முடியாது.”

“சரி. ரெண்டுல ஒண்ணு. பல்லக் காட்டுங்க, இல்ல திருட்டுத்தனமா தின்னேன்னு ஒத்துக்கங்க. ரெண்டும் இல்லாம தப்பிக்க முடியாது.”

எலி பெரியப்பாவை நினைத்தார், அப்பாவை நினைத்தார். பிறகு தரையில் கிடந்த டெஸ்டரைப் பார்த்தார்.

“நான் திருடன் இல்ல” என்று சொல்லிவிட்டு வாயைத் திறந்தார்.

மறுநாள் பல் டாக்டரம்மா எக்ஸ்ரேயை விளக்குக்கு நேரே பிடித்தாள். பல்லின் வேருக்கு அடியில் கறுப்பாக ஒரு வட்டம்.

“சீழ் கட்டியிருக்குய்யா.”

“வலியே இல்லையேம்மா.”

“நரம்பு செத்துப்போச்சு, அதான் வலி இல்ல. கிருமி சாகல. ராப்பகலா உங்க உடம்பு இதோட சண்டை போட்டுக்கிட்டு இருக்கு. அந்தச் சண்டையில சர்க்கரை ஏறும், மாத்திரை தோத்துப்போகும். நல்லவேளை முட்டி ஆபரேஷன் நடக்கல. இங்க இருக்கிற கிருமி ரத்தத்தோட போயி புது முட்டியில உக்காந்துட்டா, அதையும் கழட்ட வேண்டியிருக்கும்.”

“அப்ப நான் இனிப்பு தின்னதால ஏறல?”

“தின்னீங்களா?”

“இல்லம்மா.”

“அப்ப இல்ல. மீதி ஈறுலயும் வீக்கம் இருக்கு, அதையும் சுத்தம் பண்ணணும்.”

எலி வாசலில் நின்ற மச்சினனைத் திரும்பிப் பார்த்தார். “இன்னொரு தடவை சத்தமா சொல்லுங்கம்மா. பஸ் ஓட்டுறவனுக்குக் காது கொஞ்சம் மந்தம்.”

பல்லைப் பிடுங்கினார்கள். ஈறையும் சுத்தம் செய்தார்கள். வம்சத்தில் முதல் ஓட்டை. ஆனால் அடுத்து வந்த பரிசோதனைகளில், அதே மாத்திரை, அதே சாப்பாடு, சர்க்கரை படிப்படியாக இறங்கியது. சாயங்காலமானால் வரும் அசதியும் போன இடம் தெரியவில்லை. முட்டி டாக்டர் தாளை இரண்டு தரம் பார்த்துவிட்டு, “வாங்க, படுங்க” என்றார்.

ஆபரேஷன் முடிந்து, மழை மறுபடி வருவதற்குள் எலி எழுந்து நடந்தார். டாக்டர் தலையாட்டிய பிறகே சந்தைக் கூடத்துக்குப் போனார். ஏணியைத் தோளில் சுமந்து வந்தவன் மச்சினன். பையைக் கொட்டியதற்கு அதுதான் தண்டனை என்று தீர்ப்பு. மனைவி ஒயர் உரிக்கும் கொறடு ஒன்றைக் கயிற்றில் கட்டி அவர் கழுத்தில் மாட்டியிருந்தாள்.

முதல் படி. இரண்டாவது படி. கால் நடுங்கவில்லை. காய்கறிக்காரிகள் தராசை விட்டு நிமிர்ந்து பார்த்தார்கள். உச்சிக்குப் போய்ப் பழைய ஒயரை இழுத்தார்; கை தன் பாட்டுக்கு வாயை நோக்கிப் போனது. கீழே மனைவி தொண்டையைச் செருமினாள். கை பாதியில் இறங்கி, கொறடைத் தொட்டது.

சுவிட்சைப் போட்டதும் தக்காளிக் குவியல் சிவப்பாக எழுந்தது. “எலி ஏறிட்டாருடி” என்று யாரோ சொல்ல, கூடம் முழுக்கச் சிரிப்பு உருண்டது.

எலி மேலிருந்து ஓட்டை தெரிய வாய் நிறையச் சிரித்தார். பிறகு இறங்கி வந்து, ஏணியைத் தட்டினார்.

“என்னடா மாப்ளே, வேடிக்கை பாக்குற? அடுத்த தூணுக்கு நகத்து.”