அம்பிட்டியவில் இறங்குகிறவர்கள்

விண்கப்பலில் வேலை செய்தவன் என்று சொன்னால் எல்லோரும் நட்சத்திரங்களைப் பற்றித்தான் கேட்கிறார்கள். ஊசி போட வந்த தாதிகூடக் கேட்டார். என்னத்தைச் சொல்வது? ஜன்னல்கள் எல்லாம் அதிகாரிகளின் மேல்தட்டில் இருந்தன. எங்களைப் போன்ற சாதாரண ஆட்களுக்குச் சாம்பல் நிறச் சுவர், அளந்து விடும் குளியல் தண்ணீர், உப்பில்லாத பருப்பு, தேத்தண்ணி என்ற பெயரில் ஒரு வெந்நீர். புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவனுக்கு அதைக் கொடுத்தது பெரிய அநியாயம். இன்றைக்கும் நினைத்தால் கோபம் வருகிறது.

கப்பல் அவ்வளவு நீளம் என்பதால் ஆட்களை ஏற்றி இறக்க உள்ளேயே ஒரு வண்டி ஓடியது. என் வேலை அதில்தான். கதவு தானாகத் திறக்கும். தரிப்பிடத்தின் இலக்கத்தை ஒரு பெட்டி சொல்லும். யாரும் விழுந்துவிடாமல் பார்த்துக்கொண்டு நிற்பது மட்டும் என் பொறுப்பு. அதற்கு முன்பு கண்டி பஸ்களில் கொண்டக்டராக இருந்தவன் நான். வாயால் பிழைத்தவனை வாயை மூடிக்கொண்டு நிற்க வைத்துவிட்டார்கள்.

ஒருநாள் அந்தப் பெட்டி பழுதாகிவிட்டது. இலக்கங்களை நீயே சொல் என்றார்கள். முதல் இரண்டை ஒழுங்காகத்தான் சொன்னேன். மூன்றாவதுக்கு வாயைத் திறந்தேன், கண்டி பஸ் பழக்கதோஷம், "அம்பிட்டிய, அம்பிட்டிய! இறங்குறவங்க முன்னுக்கு வாங்க!" என்று கத்திவிட்டேன். வண்டி நிறைய வெளிநாட்டுக்காரர்கள். திகைத்துப் பார்த்தார்கள். பின்னாலிருந்து ஒரு பெண் மட்டும் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்தபடி கதவருகே வந்தவளின் கண்கள் நிறைந்திருந்தன.

"அண்ணை, நான் அம்பிட்டியதான்," என்றாள்.

காற்று வடிகட்டிகளைக் கழுவும் பகுதியில் அவளுக்கு வேலை. யாழ்ப்பாணத்து ஆட்கள். தகப்பன் அரசாங்க உத்தியோகத்தில் கண்டிக்கு வந்து அம்பிட்டியவிலேயே வீடு கட்டிக்கொண்டவர். எங்கள் பக்கத்து மனுஷி ஒருத்தி அதே கப்பலில் இருப்பது அதுவரை எனக்குத் தெரியாது. அன்றே மற்ற இடங்களுக்கும் பெயர் வைத்தேன். வேலைப்பகுதி கண்டி. களஞ்சியம் கலகெதர. பெண்களின் அறைகள் இருந்த இடம், அதாவது அவள் இறங்கும் இடம், அம்பிட்டிய. குளிர் அறைகள் இருந்த கடைசித் தரிப்பிடம் புசல்லாவை.

"எந்த உலகத்தில கலகெதர தாண்டி அம்பிட்டிய வருது? அது ஒரு பக்கம், இது ஒரு பக்கம்!" என்று சண்டைக்கு வந்தாள்.

"இந்த உலகத்துலதான். உள்ள போங்க, உள்ள போங்க."

பெட்டியைத் திருத்திய பிறகும் ஆட்கள் என்னை விடவில்லை. நான் கத்தாவிட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். அவள் வேலை முடிந்து ஏறினால் இருக்கை காலியாக இருந்தாலும் உட்கார மாட்டாள், கதவோரம் நிற்பாள். கண்டி பஸ் நிலையத்தில் எந்தக் கடை வடை நல்லது என்பதற்கே நாங்கள் பல நாள் வாதாடினோம். ஒருநாள் பேச்சில் அண்ணை என்பதை விட்டுவிட்டாள். எனக்கு உள்ளுக்குள் தலைகால் புரியவில்லை. ஆனாலும் ஒன்றும் கேட்கவில்லை.

என் ஒப்பந்தம் முடிந்தபோது வழியிலிருந்த நிலையமொன்றில் பூமிக்குத் திரும்பும் கப்பல் நின்றது. அதில் ஏறலாம், அல்லது மீண்டும் கையெழுத்திட்டு அப்பால் போகலாம். அவளுடைய ஒப்பந்தம் பாதியில் இருந்தது. நானோ ஏறிய நாளிலிருந்து ஊர் ஊர் என்று எல்லோர் உயிரையும் வாங்கியவன். நான் திரும்பிவிடுவேன் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை, எனக்கும் இல்லை.

"போகத்தான் வேணுமோ?" என்று அவள் ஒரே ஒரு தடவை கேட்டாள்.

"அம்மா தனியா இருக்காங்க."

"ஓம், அதுவும் சரி."

புறப்படுமுன் என் குரலை அந்தப் பெட்டிக்குள் பதிந்துகொண்டார்கள். பெயர்களை மட்டும் சொல், வேறு பேச்சு வேண்டாம் என்றார் மேலதிகாரி. அம்பிட்டிய வந்ததும் "இறங்குறவங்க முன்னுக்கு வாங்க" என்று சேர்த்துக் கத்திவிட்டேன். அதை மட்டும் திரும்பப் பதிய வேண்டியிருந்தது.

இப்போது அம்மாவோடு புசல்லாவையில் இருக்கிறேன். தேத்தண்ணி தேத்தண்ணியாகவே இருக்கிறது. ஏங்கி ஏங்கி வந்த ஊர் எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனாலும் கண்டிக்குப் போனால் அம்பிட்டிய பஸ் புறப்படும் இடத்தில் கால் நின்றுவிடுகிறது. ஏறியதில்லை, அவள் இல்லாத அம்பிட்டியவில் எனக்கென்ன வேலை? அவள் என் குரலை நாளும் கேட்கிறாள், அவள் குரல் எனக்கு இல்லை. அதுதான் தாங்கவில்லை.

போன மாதம் அவளுடைய செய்தி வந்தது. அவ்வளவு தூரத்திலிருந்து வந்து சேர வருஷக்கணக்காகும். சாதாரண ஆட்களுக்கு எழுத்தில் சின்னச் செய்திதான் அனுமதி.

"சுகமா இருக்கிறன். வேலை முடிஞ்சு வந்தா நான் இப்ப அம்பிட்டியவில இறங்கிறேல்லை. புசல்லாவை வரைக்கும் போறன். வண்டி திரும்பி வரேக்க நீங்கள் எல்லாத்தையும் இன்னொருக்காச் சொல்லுவியள்."

அம்மா பக்கத்தில்தான் இருந்தார். "யாருடா அது?" என்று கேட்டார். முழுவதையும் சொன்னேன்.

"அடப்பாவி, அப்பறம் ஏன்டா வந்த?" என்றார்.

அன்றிரவே அவளுக்குப் பதில் அனுப்பினேன், "ஒப்பந்தம் முடிஞ்சதும் வந்துடுங்க, நான் இருக்கேன்" என்று. அது போய்ச் சேரும்போது அவள் வீடு திரும்பப் புறப்பட்டிருப்பாளோ, நான் வரச் சொல்லவில்லையே என்று இன்னொரு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருப்பாளோ, தெரியாது.