அண்ணன் தடுத்தார் என்றான் வேலுச்சாமி

போன செவ்வாய்க்கிழமை காலை வெங்காய லாரிக்குப் பக்கத்தில் சாக்கு மடித்துக்கொண்டிருந்தேன். வேலுச்சாமி ஆஸ்பத்திரியில் செத்துப்போய்விட்டான் என்று வந்து சொன்னார்கள். எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல எங்கள் சுமைத் தொழிலாளர் சங்கத்துக்காரர் எழுதுகிறார். திண்டுக்கல் மார்க்கெட்டில் அவனோடு மூட்டை தூக்கியவர்கள் கேட்க வேண்டும்.

தொண்ணூற்றிரண்டில் எங்களோடு சேர்ந்தான். "மூட்டை கனமில்லண்ணே, எறக்கி வச்ச பெறகுதான் ஒடம்பு கனக்குது" என்பான். அந்த வலிக்குக் குவார்ட்டர்தான் மருந்து என்று பழக்கிவிட்டவர்கள் நாங்கள்.

பத்து வருஷத்தில் கை கால் குச்சியாகி, வயிறு மட்டும் உப்பியது. "என்னப்பா, எத்தன மாசம்?" என்று கேலி செய்தோம். "வளைகாப்புக்குச் சொல்லி விடுறேண்ணே" என்று அவனும் சிரித்தான். கண் மஞ்சளான பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனான். ஊசி குத்தி வயிற்றிலிருந்து நீர் எடுத்தார்கள். "ஈரல் சுருங்கிப் போச்சு. இனிமே ஒரு சொட்டுகூடக் கூடாது" என்றார் டாக்டர்.

எங்களோடு பழனிக்கு மாலை போட்டான். மாலை கிடந்த நாற்பத்தெட்டு நாளும் தொடவில்லை. வீக்கம் வற்றியது, சோறு இறங்கியது. பாதயாத்திரை கிளம்பும்போது அவன் மனைவி பாண்டியம்மா என்னிடம் வந்தாள்.

"அண்ணே, மாலையோடயே திருப்பிக் கூட்டிட்டு வாங்க. அங்க கழட்ட விட்றாதீங்க."

சரி என்றேன்.

மலையிறங்கியதும் நாங்கள் எல்லோரும் மாலையைக் கழற்றிவிட்டுக் குடிக்க உட்கார்ந்தோம். அவன் மட்டும் கழற்றாமல் தள்ளி உட்கார்ந்திருந்தான்.

"ஏலே, பொண்டாட்டி ஒனக்குத் தாலி கட்டி அனுப்பிருக்காளாக்கும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவன் மாலையைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தான். ஊற்றிக் கொடுத்ததும் நான்தான்.

அதன் பிறகு அவன் நிறுத்தவில்லை. மூன்றாம் மாதம் ரத்தமாக வாந்தி எடுத்தான். நான் ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போயிருந்தபோது பாண்டியம்மா அவனிடம் கேட்டாள், "ஏன் கழட்டுனீக? அண்ணங்கிட்ட அம்புட்டுச் சொல்லி விட்டேனே."

அவன் என் பக்கம் திரும்பவில்லை. "அண்ணன் தடுத்தாரு. நாந்தான் கேக்கல."

அவள் எனக்கு டீ வாங்கிவந்து கொடுத்தாள். குடித்தேன்.

துக்க வீட்டிலும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க சொல்லியும் கேக்கலையேண்ணே" என்று அழுதாள். அவன் எனக்காகச் சொன்ன அந்தப் பொய்தான் அவனிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது. பாண்டியம்மாவுக்கும் படிக்கத் தெரியாது. இதை யாராவது அவளுக்கு முழுதாகப் படித்துக் காட்டுங்கள்.